அம்மாவும் அண்ணனும் போன பிறகு

எந்த ஃபார்ம் கொடுத்தாலும் "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்"னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல எப்பவும் அண்ணன் நம்பரைத்தான் எழுதுவேன். அண்ணன் தவறி கொஞ்ச நாள்லயே அம்மாவும் போய்ட்டாங்க. அப்புறம் ஒருநாள் ஒரு ஆபீஸ்ல உக்காந்து ஃபார்ம் எழுதறப்ப அந்தக் கட்டம் வந்ததும் கை அப்படியே நின்னுடுச்சு. ரெண்டு பேரையும் வழியனுப்பின அன்னிக்குகூட நான் அப்படி அழல.

துக்கத்துக்கு அஞ்சு நிலை உண்டு, ஒண்ணொண்ணா தாண்டி கடைசில மனசு ஏத்துக்கும்னு நிறைய பேர் சொன்னாங்க. அக்கறைலதான் சொல்றாங்க. ஆனா மனநல டாக்டர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969ல அதை எழுதினது சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசிப் பார்த்து. பின்னால தனியா நிக்கிறவங்களுக்கு அது டைம்டேபிள் இல்லை. எனக்கு ஒத்துப்போனது, துக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி செஞ்ச மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999ல சொன்னதுதான். துக்கத்துல இருக்கிறவங்க ஒரு நேரம் இழப்புக்குள்ள முழுகிடுவாங்க, இன்னொரு நேரம் அதை ஓரமா வச்சுட்டு அன்னாட வேலையைப் பார்ப்பாங்க, இப்படி மாறி மாறிப் போறதுதான் இயல்பு, ரெண்டுமே வேணும்னு சொல்றாங்க. காலைல அழுதுட்டு சாயங்காலம் எதுக்கோ வாய்விட்டுச் சிரிச்சா "சே, இப்படி சிரிக்கிறோமே"னு மனசு குத்தும் பாருங்க, அந்தக் குத்தல் இதைப் படிச்சப்புறம் ரொம்பவே குறைஞ்சுது.

வாழறதுக்கு ஒரு காரணம் வேணும்ங்கறாங்களே, அது எனக்கு அண்ணன் பொண்ணு வழியா வந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிட்டு வந்து "அத்தை, இது அப்பாதான் சொல்லித் தருவாரு, உனக்குத் தெரியுமா?"ன்னா. எனக்கு கணக்கு அவ்வளவா வராது, இருந்தாலும் உக்காந்தேன். அவ 7 எழுதறப்ப நடுவுல குறுக்கே ஒரு சின்ன கோடு போடுறா, அச்சு அசல் அண்ணன் மாதிரியே. தொண்டை அடைச்சுடுச்சு, ஆனா எழுந்து போகல, ஏன்னா கணக்கு பாதில நிக்குது, நாளைக்கு அவளுக்கு டெஸ்ட் வேற. அன்னிலேர்ந்து சாயங்காலமானா நான் இருந்தாகணும்.

அமெரிக்கால காண்டி லைட்னர்னு ஒரு அம்மா, குடிச்சுட்டு கார் ஓட்டினவனால 13 வயசுப் பொண்ணை இழந்தவங்க. 1980ல அதுக்கு எதிரா ஒரு இயக்கமே தொடங்கினாங்க. கும்பிடத் தோணுது. ஆனா இழந்தவங்க எல்லாரும் அந்த மாதிரி பெருசா ஏதாவது செஞ்சே ஆகணும்னு எதிர்பார்க்காதீங்க, உங்ககிட்டயும் சரி, மத்தவங்ககிட்டயும் சரி. நம்மளை எதிர்பார்த்து ஒரு ஆள், ஒரு வேலை, அவ்வளவு போதும் முதல்ல.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா சொல்லணும். ஆறு மாசம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சம்கூட குறையாம, அன்னாட வேலையே ஓடலைன்னா டாக்டரைப் பாருங்க. உலக சுகாதார அமைப்பே அதை நீடித்த துக்கக் கோளாறுன்னு நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, அதுக்குன்னு சிகிச்சையும் இருக்கு. செத்துடலாம்னு நினைப்பு வந்தா ஒருநாள்கூட காத்திருக்காதீங்க, உடனே யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லுங்க.

அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை. திரிகோணமிதி இன்னும் தொடவே இல்ல, எனக்கு சுத்தமா மறந்துபோச்சு, இன்னிக்கு ராத்திரி நான் முதல்ல உக்காந்து படிக்கணும்.