எடிசனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ட்ரவுட் ஆறுகள்: தேடிப் பார்த்த அனுபவம்

எடிசன் ஊர் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில், குளிர்ந்த நன்னீரில் வாழும் ட்ரவுட் மீன் பிடிக்க எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மாநில மீன்வளத் துறையின் மீன் விடும் பட்டியலைத்தான் காட்டுவார்கள். எந்த ஆற்றில் எந்த வாரம் மீன் விடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விடுவது பீக்வெஸ்ட் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து லாரியில் கொண்டுவரும் ரெயின்போ ட்ரவுட் என்ற வகை. நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மீன் புதிதல்ல. ஏப்ரலில் சீசன் திறக்கும் சனிக்கிழமை காலை கரை முழுக்கக் கூட்டம். பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஆனால் அந்த இடங்களில் பலவற்றில் ஜூலையில் ட்ரவுட் மிஞ்சாது. தண்ணீர் சுட்டுவிடும். கோடையிலும் ட்ரவுட் தாக்குப்பிடிக்கிற, முடிந்தால் அங்கேயே பிறந்து வளர்கிற ஆறுகள் எனக்கு வேண்டும். போன சீசன் முழுக்க அதற்காகத்தான் வண்டி ஓட்டினேன்.

தேடலுக்கு உதவிய முதல் பொருள் ஒரு சாதாரண தெர்மாமீட்டர். நூலில் கட்டி ஓடும் நீரில் இரண்டு நிமிடம் விட்டால் போதும். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சுகம். 20ஐத் தாண்டினால் நீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் திணறத் தொடங்கும். அந்த நிலையில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். 20 காட்டினால் தூண்டிலை மடக்கிவிட வேண்டும். இதில் நான் கறார்.

இரண்டாவது ஒரு வரைபடம். மீன்பிடிப்பவர்களுக்காகப் போட்டதல்ல; மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தர வகைப்பாடு. ட்ரவுட் முட்டையிடுகிற அல்லது குஞ்சுகள் முதல் கோடையைக் கழிக்கிற ஓடைகளுக்கு டி.பி. என்று குறி. ட்ரவுட் ஆண்டு முழுக்கத் தாங்கும், ஆனால் இனப்பெருக்கம் இல்லை என்றால் டி.எம். மற்றவை என்.டி. வடமேற்கில் வாரன், ஹன்டர்டன், மோரிஸ், சஸெக்ஸ் கவுண்டிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், நெடுஞ்சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போகும் பெயர் தெரியாத ஓடைக்குக்கூட டி.பி. என்று போட்டிருக்கிறது! மீன் விடும் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் இவை படவே படாது. அந்த டி.பி. ஓடைகள் எந்தப் பெரிய ஆற்றில் கலக்கின்றனவோ அந்த முகத்துவாரங்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். கோடையில் பெரிய ஆற்று மீன்கள் குளிர்ச்சிக்காக ஒதுங்கும் இடங்கள் அவை.

முதலில் போனது ராரிடன் ஆற்றின் தென்கிளை. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அறிந்த அதே ராரிடன்தான். பட் லேக் ஏரியிலிருந்து புறப்படும் இந்தக் கிளை, மேல்பகுதியில் குளிர் ஓடைகளை வாங்கிக்கொண்டு கேலிஃபோன், ஹை பிரிட்ஜ் ஊர்களுக்கு நடுவே கென் லாக்வுட் பள்ளத்தாக்கில் நுழைகிறது. எடிசனிலிருந்து 287, 78 நெடுஞ்சாலைகளைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பள்ளத்தாக்கு முழுக்கப் பெரிய பாறைகள், அவற்றின் பின்னால் மடுக்கள், இடையில் நுரைத்து இறங்கும் நீர். ஆற்றை ஒட்டியே கரடுமுரடான மண் சாலை. அழகில் இதற்கு ஈடு மாநிலத்தில் வேறில்லை என்பது என் கட்சி. மே கடைசியில் மாலை வெயில் இறங்கியதும் சல்ஃபர் எனப்படும் மஞ்சள் மேஃப்ளை பூச்சிகள், மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதுபோல நீர்ப்பரப்பிலிருந்து எழும்பும். அப்போது ஒவ்வொரு மடுவிலும் மீன் மேலே வந்து வாய் திறக்கும். ஆனால் ஆகஸ்டில் இங்கேயும் பிற்பகலில் 21, 22 காட்டியது. கோடையில் விடியற்காலை மட்டும்தான் இந்த ஆறு.

மஸ்கனெட்காங் ஆறு என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது. உள்ளூரில் 'மஸ்கி' என்பார்கள். இது ஹோபட்காங் ஏரியிலிருந்து வெதுவெதுப்பாகத்தான் கிளம்புகிறது. ஆனால் ஹேக்கெட்ஸ்டவுன் தாண்டியதும் பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, ஆண்டு முழுக்க 11, 12 டிகிரியில் ஊற்றாக ஆற்றுக்குள் வருகிறது. கீழே போகப் போக ஆறு சூடாகும் என்பதுதான் வழக்கம். இங்கே ஊற்று சேரும் இடங்களில் கணக்கு மாறுகிறது. பாயிண்ட் மவுண்டன் அடிவாரத்தில், வெளியே 33 டிகிரி கொளுத்திய ஜூலை நாளின் காலையில் 18 காட்டியது. சுண்ணாம்பு கரைந்த நீரில் பூச்சிகளும் நன்றாகப் பெருகும், அதனால் மீனுக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. இங்கே பார்க்க வேண்டியது கரையோரம் தரைக்கடியிலிருந்து நீர் கசியும் இடங்கள். அங்கே கிரெஸ் கீரை பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தால் கீழே ஊற்று இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஆற்றில் இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. பழைய ஆலை அணைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஃபைன்ஸ்வில் அணை 2011இலும் ஹ்யூஸ்வில் அணை 2016இலும் போயின. மறு ஆண்டே கடலிலிருந்து டெலவேர் ஆற்றின் வழியாக ஷாட் மீன் மேலேறி வந்தது. தேங்கிய நீர் வெயிலில் காய்வது நின்றால் ட்ரவுட்டுக்கும் லாபம்தான். அணை போன இடத்தில் கூழாங்கல் படுகை மறுபடி வெளிப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

இங்கே விரல் நீளத்தில் ஒரு பிரவுன் ட்ரவுட் கிடைத்தது. பெரிய மீன் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. ஏனென்றால் 2013இல் பீக்வெஸ்ட்டில் ஃபியூரங்குலோசிஸ் என்ற பாக்டீரியா நோய் வந்தது. ட்ரவுட்டில் பிரவுன், புரூக் என்ற இரு வகைகளும் அதற்குச் சுலபமாகப் பலியாகும் என்பதால் அதன்பின் மாநிலம் ரெயின்போ மட்டும்தான் விடுகிறது. தனியார் கிளப்புகள் பெரிய பிரவுன்களை விடுவதுண்டு. விரல் நீளக் குஞ்சென்றால் அது அநேகமாக அங்கேயே பிறந்தது. ஓர் ஓடை உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிக் ஃப்ளாட்புரூக் ஆறு பெயர் பெற்றது, ஃப்ளை எனப்படும் செயற்கைப் பூச்சித் தூண்டில் மட்டுமே அனுமதிக்கும் பகுதியும் உண்டு. வசந்தத்தில் அருமை. கோடையில் நீர் மெலிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு மே மாதம்தான் சரி.

வான் கேம்பன்ஸ் ஓடை வேறு உலகம். டெலவேர் வாட்டர் கேப் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள், மில்புரூக் கிராமத்தை ஒட்டி, ஹெம்லாக் மர நிழலில் இறங்கி வருகிறது. ஜூலை மதியத்தில் 16 டிகிரி! மண்ணின் மீனான புரூக் ட்ரவுட் இங்கே இருக்கிறது. அதுதான் மாநில மீனும்கூட. வடமேற்கில் புரூக் ட்ரவுட்டைப் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம், நியாயமான சட்டம். ஹெம்லாக்கைத் தாக்கும், வெள்ளைக் கம்பளி போர்த்தியதுபோலத் தெரியும் அடெல்ஜிட் என்ற சிறு பூச்சி ஒன்று கிழக்குக் கரை முழுக்க மரங்களைச் சாகடித்து வருகிறது. நிழல் போனால் குளிர்ச்சியும் போகும். அதை நினைத்தால்தான் கவலை.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை சில. 16 முதல் 69 வயது வரை உரிமமும், அதோடு ட்ரவுட் முத்திரை எனப்படும் கூடுதல் அனுமதியும் கட்டாயம். ஒவ்வொரு பகுதிக்கும் விதி வேறு, அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே போங்கள். ஹை பிரிட்ஜ் (தென்கிளை), புளூம்ஸ்பரி (மஸ்கி), ஃப்ளாட்புரூக்வில் (ஃப்ளாட்புரூக்) மூன்றிலும் யு.எஸ்.ஜி.எஸ். எனும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீர் அளவு நிலையங்கள் உண்டு; நீரோட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மஸ்கியில் தனியார் கரைகள் அதிகம், பலகை இருந்தால் இறங்காதீர்கள். திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம்.

அக்டோபரிலிருந்து பிரவுனும் புரூக்கும் முட்டையிடும் காலம். கூழாங்கல்லை வாலால் துடைத்துப் பள்ளம் போடும். அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். அதில் கால் வைத்தால் முட்டைகள் நசுங்கும். ஆகவே அந்த மாதங்களில் ஓடைகளில் இறங்கப் போவதில்லை. கரையில் நடந்து அந்த வெளுப்பான பள்ளங்களை வரைபடத்தில் குறிக்கப் போகிறேன். வாரன் கவுண்டியில் பெயரில்லாத டி.பி. ஓடைகள் சில பாக்கி இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடக்கம்.