ஊறுகுழி எடுபடாத மலைச்சரிவில் கழிவுநீருக்கு வழி செய்த கதை

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனிவீடுகளுக்கு வந்தபோது வீட்டுக்கு வீடு கக்கூஸ், வீட்டுக்கு வீடு கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறுகுழி என்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சரிவில் மேல்வரிசை வீட்டுக் குழி கீழ்வரிசை வீட்டு அடுப்படிச் சுவருக்கு நேர் மேலே இருக்கும். தென்மேற்கு மழை பிடித்தால் மண் தண்ணீரைக் குடிக்காது. குழித்தண்ணீர் மண்வெட்டில் கசிந்து கானுக்கு (வடிகாலுக்கு) இறங்கும், கான் போவதோ நாங்கள் குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தால். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்த பிறகுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவைக் கூட்டிவந்தோம்.

அவர் வந்ததும் குழி ஒன்று வெட்டச் சொன்னார். அதில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் குழியில் தண்ணீர் அசையவே இல்லை. மேலே களிமண், கீழே பாறை. "தம்பி, இதுல எத்தனை குழி வெட்டினாலும் தண்ணி கீழ் வீட்டுக்குத்தான் போகும்" என்றார். சரிவுக்குள் தண்ணீரை இறக்கினால் என்ன ஆகும் என்று 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததைப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஊறுகுழிக்கு முன்னால் இருக்கும் வீட்டுக் கக்கூஸ் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து வழியும் நீரைக் குழாயில் கீழே இறக்கி, பொதுவான இரண்டு அறைத் தொட்டியில் தேக்கி, அதற்குப் பிறகு கருங்கல் நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு விடுவது என்று முடிவானது. தொட்டியில் கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர்தான் வெளியேறும். அது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி போயிருக்காது. பாத்தியில் தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே மெதுவாக நகர்வதால் நாற்றமும் இல்லை, நுளம்பும் இல்லை. மிச்சக் கழிவை அங்கே கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

வேலையை விடக் கடிதம்தான் எங்களை அலைக்கழித்தது. கீழே இருந்த துண்டுக் காணி தோட்டத்துடையது, அதாவது அரச காணி, 1992க்குப் பிறகு கம்பனி கையில். ஓர் அலுவலகத்தில் "தோட்டம் என்றால் துரையிடம் போங்கள்" என்றார்கள், தோட்ட முகாமையாளரான துரை "பிரதேச சபையிடம் போங்கள்" என்றார். பிரதேச சபைகள் சட்டத்தின் 33வது பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். அந்தத் திருத்தத்தின் பிரதியைக் கையில் கொண்டுபோய் மேசையில் வையுங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதுங்கள், வாங்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. கடைசியில் துரை சம்மதித்தார், தேயிலைச் செடி ஒன்றையும் தொடக்கூடாது, சுற்றி வேலி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

குழாய் போடும்போது பெரிய சண்டை கூரைத் தண்ணீரைப் பற்றித்தான். "ஒரே குழாயில விட்டா என்ன?" என்று ஓர் அக்கா விடவே இல்லை. பெருமழையில் கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தால் தங்கிய கசடெல்லாம் கிளம்பிப் பாத்திக் கல்லை அடைத்துவிடும், அப்புறம் கல்லை அள்ளிக் கழுவ வேண்டியதுதான். அடுப்படித் தண்ணீருக்கு வீட்டோடு சின்னக் கொழுப்புத் தொட்டி கட்டாயம். அதை வாரம் ஒருமுறை வழிக்க வேண்டும், வழிக்காத வீடு எது என்று குழாய் அடைக்கும்போது தெரிந்துவிடும்.

தொட்டிக் கசடை உறிஞ்சி எடுக்கும் வண்டியான கல்லி பவுசர் எங்கள் வளைவில் ஏறாது. அதனால் பொதுத் தொட்டியைப் பவுசர் குழாய் எட்டும் தூரத்தில், பெரிய ரோட்டு ஓரமாகவே கட்டினோம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். அதற்கான காசைச் சம்பள நாளில் மரண உதவிச் சங்கப் பொருளாளர் தனிப் புத்தகத்தில் வாங்கி வைக்கிறார். புதிதாகச் சங்கம் தொடங்கியிருந்தால் தலைவர் யார் என்பதிலேயே வருடம் போயிருக்கும்.

பழைய லயத்துப் பக்கம் இன்னும் குழிதான். அவர்களையும் சேர்க்கப் பாத்தியை நீட்ட வேண்டும், அதற்கு மறுபடி துரையிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம்.