சீம்பாலுக்கு முன்னால்

அக்டோபர் 3, 2022

காலையில் செவலை தாழியில் வாய் வைக்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர். காதைத் தொட்டால் கொதிக்கிறது. கழுத்தைத் தடவிக் கொடுத்தபோது தோலுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. முன்காலோரம், தொடையின் உள்பக்கம், மடிக்கு மேலே என்று இன்னும் பல. எண்ண ஆரம்பித்து முப்பதோடு விட்டுவிட்டேன்.

சினை ஊசி போட்டது பிப்ரவரி 12. இன்றோடு 233 நாள்.

அக்டோபர் 4

டாக்டரம்மா வந்து பார்த்தார். காய்ச்சல் 105. “தோல் கழலைதான் அக்கா.” ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை டிவியில் பார்த்த அதே நோய். 1929இல் ஜாம்பியாவில் முதலில் கண்டது, 2019இல் ஒடிசா வழியாக நம் நாட்டுக்குள் தலைகாட்டியது என்றார். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூலமாகப் பரவும். வைரஸுக்கென்று மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு ஒரு ஊசி, புண் சீழ் வைக்காமல் இருக்க ஒரு ஊசி, அவ்வளவுதான்.

போன மாதம் ஊரில் ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். இந்த நோய்க்கும் அது கேட்குமாம். அன்றைக்கு நாங்கள் காதுகுத்துக்குப் போயிருந்தோம். யாரைக் குறை சொல்ல?

கிடாரி இரண்டையும் பிடித்துக்கொண்டுபோய் மேற்குத் தோட்டத்தில் கட்டினோம். சாயங்காலம் கட்டுத்தரையில் வேப்பிலைப் புகை.

அக்டோபர் 7

அத்தை இதை அம்மை என்கிறார். கழுத்தில் வேப்பிலைக் கொத்து கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், கொஞ்சம் வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவுகிறேன். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மேலுக்கு. இந்தப் பக்குவத்தைச் சொன்னது டாக்டரம்மா. அத்தைக்கு அதில் பரம திருப்தி.

அக்டோபர் 20

காய்ச்சல் இறங்கிவிட்டது. கட்டிகள் காய்ந்து, சில இடத்தில் தோல் காசு காசாகக் கழன்று விழுகிறது. விழுந்த இடத்தில் விரல் நுழையும் குழி. ஈ முட்டையிடாமல் பார்ப்பதே முழுநேர வேலை.

நவம்பர் 2

டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன்: “வயிற்றுக்குள் இருப்பதற்கும் தொற்றுமா?”

தொற்றலாமாம். கரு கலையலாம், செத்துப் பிறக்கலாம், மேலெல்லாம் கட்டியோடும் பிறக்கலாம். அப்புறம் அவர் சொன்னதுதான் தூங்கவிடவில்லை. மனுஷ வயிற்றில் தாயின் எதிர்ப்புச் சத்து குழந்தைக்குப் போய்விடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. ஆனால் வைரஸ் புகுந்து போய்விடும். கன்றுக்குத் தாயின் எதிர்ப்பு முதன்முதலாகக் கிடைப்பது சீம்பாலில்தான்.

எத்தனையாவது மாதம் என்பதும் முக்கியமாம். மாடுகளில் வைரஸ் கழிச்சல் என்று வேறொரு நோய் இருக்கிறது. கரு 40 நாளிலிருந்து 120 நாளுக்குள் இருக்கும்போது அது தாக்கினால், கன்றின் உடம்பு வைரஸைத் தன் சொந்தம் என்றே நினைத்துக்கொள்ளுமாம். எதிர்க்கவே எதிர்க்காது. பிறந்தபின் பார்க்க நல்ல கன்றாகவும் இருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்க மந்தைக்கே நோயைக் கொட்டிக்கொண்டிருக்கும். நம்முடையது எட்டாம் மாதம், அது எதிர்த்து நிற்கும் வயசுதான் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

போகும்போது ஒரு வேண்டுகோள்: “கன்று போட்டதும் கூப்பிடுங்க. சீம்பால் குடிக்கிறதுக்கு முன்னால ரத்தம் எடுக்கணும்.”

நவம்பர் 8

சந்திர கிரகணம். அத்தை செவலையின் கொம்புக்குக் காவி பூசினார். மடி இறங்கிவிட்டது. 19ஆம் தேதிவரை தாங்காது.

நவம்பர் 9

விடியற்காலை நான்கரைக்குக் கன்று. கிடாரி. செவலை நக்க நக்க, ஈர மயிருக்கடியில் அவை தெரிந்தன: கழுத்திலும் தொடை இடுக்கிலும் சுண்டைக்காய் அளவில் கட்டிகள்.

டாக்டரம்மா வர முக்கால் மணி நேரம். சீம்பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். ஆனால் மடியை முட்டி முட்டி வரும் கன்றைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அத்தை வாய்க்கு வந்தபடி திட்டினார். கிரகணம் பிடித்ததால்தான் கட்டி என்றும் சொன்னார்.

“நேத்து ராத்திரிக் கட்டி இல்லீங்கம்மா இது,” என்றபடியே டாக்டரம்மா கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தார். ஒரு கட்டியிலிருந்து துணுக்கும் எடுத்துக்கொண்டார். ஊசி வெளியே வந்ததும் கையை விட்டேன்.

நவம்பர் 12

பாட்டிலில் கொடுத்தாலும் கால் லிட்டருக்கு மேல் குடிப்பதில்லை. மூச்சு இரைக்கிறது.

நவம்பர் 13

ராத்திரி போய்விட்டது. ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு. செவலை விடிந்ததிலிருந்து அந்தத் திசையைப் பார்த்துக் கத்தவில்லை என்று எழுதினால் பொய்.

டிசம்பர் 6

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. கட்டித் துணுக்கில் தோல் கழலை வைரஸ். சீம்பாலுக்கு முந்திய ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புச் சத்தும் இருந்திருக்கிறது. தாயிடமிருந்து வர வழியில்லை. அதுவே உண்டாக்கிக்கொண்டதுதான்.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். “எத்தனை நாளா உள்ளேயே கெடந்து மல்லுக்கட்டுச்சோ,” என்றார்.

செவலை இப்போது வேளைக்கு மூன்று லிட்டர்தான் கறக்கிறாள். அடுத்த தடவையும் சினை ஊசிதான். பக்கத்துத் தோட்டத்துக் காளைக்கும் போன மாதம் கட்டி இருந்தது. விந்திலும் வைரஸ் வாரக்கணக்கில் வருமாம். கிடாரிகளுக்கு 14ஆம் தேதி தடுப்பூசி. அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது. அவர் மட்டும் போய்விட்டு வரட்டும்.