இரண்டே இலைகள்

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வெல்விட்சியா என்று ஒரு செடி. ஆயுள் முழுக்க அதற்கு இரண்டே இலைகள்தான். அடிப்பக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும், நுனிப்பக்கம் காற்றிலும் வெயிலிலும் நார் நாராகக் கிழியும். பார்ப்பதற்கு ஏகப்பட்ட இலைகள் குவிந்து கிடப்பது போல இருக்கும். அத்தனையும் அந்த இரண்டின் கிழிசல்! ஆயிரம் ஆண்டு கடந்த செடிகளும் உயிரோடு இருக்கின்றன. 1859இல் அங்கோலாவில் பிரெடரிக் வெல்விட்ச் என்ற தாவரவியலாளர் கண்டது. அதன் குடும்பத்தில் வேறு இனமே கிடையாது. பூக்கும் தாவரமும் அல்ல, பைன் மரங்களுக்குத்தான் தூரத்துச் சொந்தம். இது அழிந்தால் ஒரு வம்சமே போச்சு.

தெற்கே தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் கதை நேர்மாறு. அங்கே கூழாங்கல் அளவே இருக்கும் கோனோபைட்டம் செடிகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும் ஒரு கோடி ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும்தான் வளரும். அதுதான் எனக்குப் பயம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்க அவற்றைத் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாகப் பிடுங்குகிறார்கள். அந்தக் குன்று காலியானால் அந்த இனம் காட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆன்லைனில் அரிய சக்குலன்ட் (கோனோபைட்டம் போல நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி) வாங்குபவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: இது நர்சரியில் விதை போட்டு வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா? சரியான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.