சொந்த ஐபி முகவரிக்கு எப்போது ஏபினிக்கில் சேர்வது?

யாழ்ப்பாணத்தில் சிறிதாக இணையச் சேவை தொடங்குபவருக்குக் கோபுரம், றவுட்டர், கொழும்பிலிருந்து வரும் பேண்ட்வித் எல்லாவற்றின் விலையும் முதலிலேயே தெரிந்துவிடும். சொந்த ஐபி முகவரிக்காக, ஆசிய-பசிபிக் பகுதியில் முகவரிகளைப் பங்கிடும் ஏபினிக் அமைப்புக்குக் கட்டும் அங்கத்துவச் செலவு பிந்தித்தான் கண்ணில் படும். அந்த வழியால் போய்வந்ததில் நாங்கள் அறிந்தது இது.

இந்தியாவில் இருப்பது போன்ற, முகவரி வழங்கும் தேசியப் பதிவகம் இலங்கையில் இல்லை. பிறிஸ்பேனில் உள்ள ஏபினிக்கிடமே விண்ணப்பிக்க வேண்டும். பில்லும் ஆவுஸ்திரேலிய டொலரில்தான் வரும். முகவரிகள் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. அதாவது /16 தொகுதி (65,536 முகவரிகள்) வைத்திருப்பவரிடம் /24 தொகுதி (256 முகவரிகள்) வைத்திருப்பவரைப் போல 256 மடங்கு முகவரி உண்டு, ஆனால் அவர் கட்டுவது சுமார் எட்டரை மடங்குதான். முகவரி ஒன்றுக்குப் பார்த்தால் சிறியவர் 30 மடங்கு கொடுக்கிறார். மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்குச் சலுகை உண்டு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ரூபாவில் உழைப்பவருக்கு இது அநியாயமான சுமை.

அதனால் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். ஒரே இடத்தில் பேண்ட்வித் வாங்கும்வரை அதை விற்பவர் தரும் முகவரிகளே போதும். சீஜிநாட் (பல வீடுகள் ஒரு பொது முகவரியைப் பகிரும் முறை) போட்டு ஒரு வீட்டுக்கு 1,000 போர்ட் (ஒரே முகவரியில் இணைப்புகளைப் பிரித்தறியும் இலக்கங்கள்) ஒதுக்கினால் ஒரு பொது முகவரியில் 64 வீடுகள் ஓடும். 16 முகவரியில் ஆயிரம் வீடுகள். எந்த நேரத்தில் எந்த போர்ட் தொகுதி யாரிடம் இருந்தது என்ற பதிவை மட்டும் கட்டாயம் வைத்திருங்கள்.

இரண்டாவது வழங்குநரிடமும் இணைப்பு எடுக்கப் போகும்போதுதான் சேரும் நேரம். இரண்டு பக்கமும் பிஜிபியில் (தம்மிடம் உள்ள முகவரிகளை வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லும் முறை) அறிவிக்கச் சொந்த ஏஎஸ் இலக்கமும் (வலையமைப்பின் அடையாள இலக்கம்) குறைந்தது ஒரு /24-உம் வேண்டும். அதைவிடச் சிறிய துண்டை வெளி வலையமைப்புகள் பொதுவாக ஏற்பதில்லை. 2019 முதல் புதியவருக்குக் கிடைக்கும் உச்ச அளவு /23, அதாவது 512 முகவரிகள்.

விண்ணப்பம் பெரும்பாலும் பெயரில்தான் சிக்கும். கம்பனிப் பதிவுச் சான்றிதழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம், விண்ணப்பம் மூன்றிலும் கம்பனிப் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மின்னஞ்சலும் கம்பனியின் சொந்த டொமைனில் இருந்தால் கேள்விகள் குறையும். வலையமைப்புத் திட்டத்தில் 'விரிவாக்கம்' என்று பொதுவாக எழுதாமல், கொக்குவிலில் இத்தனை இணைப்பு, வேலணையில் இத்தனை, எந்த றவுட்டர், எந்த மாதம் என்று எழுதுங்கள்.

வங்கி மூலம் பணம் அனுப்பினால் வழியிலுள்ள வங்கிகளின் கட்டணத்தையும் நீங்களே ஏற்பதாகப் படிவத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கழித்தது போக மீதிதான் போய்ச்சேரும், பில் தீராமல் நிற்கும்.

முகவரி கிடைத்ததும் ரூட் பதிவையும் (அந்த முகவரிகளை எந்த வலையமைப்பு அறிவிக்கும் என்ற பதிவு) ஆர்ஓஏவையும் (அதையே உறுதிப்படுத்தும் டிஜிட்டல் சான்று) போடுங்கள். /23-ஐ இரண்டு /24 ஆகப் பிரித்து அறிவிப்பதென்றால் இரண்டு /24-உம் ஆர்ஓஏவில் அடங்க வேண்டும். /23-க்கு மட்டும் போட்டுவிட்டு /24 அறிவித்தால் அது செல்லாததாகக் கணிக்கப்பட்டுப் பல இடங்களில் தடுக்கப்படும். உங்கள் வலையமைப்பு பற்றிய முறைப்பாடுகள் வரும் மின்னஞ்சலை ஏபினிக் 6 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும். அந்தப் பெட்டியைத் தினமும் திறக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.