பிங் குறிப்பு: தக்கலை வீட்டு ரவுட்டர்

11 அக்டோபர் 2025, சனி

தம்பியின் கம்ப்யூட்டரை லேன் கேபிளில் மாட்டி அளந்தேன். வைஃபையைக் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்றுதான் கேபிள். வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில் மும்பை சர்வருக்கு பிங், அதாவது ஒரு சிறு தகவல் போய்த் திரும்பும் நேரம், 42 மில்லி செகண்ட். தக்கலையிலிருந்து இது நல்ல எண். பிறகு என் போனில் போட்டோ பேக்கப்பை ஓட விட்டேன். பிங் 90, 180, 260 என்று ஏறி அங்கேயே நின்றது. பேக்கப்பை நிறுத்திய இரண்டு மூன்று செகண்டில் மறுபடி 42.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவன் வேலரன்ட் ஆடும்போது "லேக் அடிக்குக்கா" என்று கத்துவதன் காரணம் இதில் முழுசாக இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அம்மா குவைத்தில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவாள், நான் ஆபீஸ் ஃபைல்களை மேலே ஏற்றுவேன், மூன்று போன்களும் சார்ஜில் கிடந்து பேக்கப் எடுக்கும்.

இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, "100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க" என்றார்கள். நாங்கள் எடுத்திருப்பது 40. அந்த ஆட்டத்துக்கு ஒரு எம்பிபிஎஸ் கூட முழுதாகத் தேவைப்படாது. குறைவது வேகம் அல்ல, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

12 அக்டோபர், ஞாயிறு

காலையிலிருந்தே மழை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

டேட்டா சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ரவுட்டருக்குள் உடனே அனுப்ப முடியாத பொட்டலங்கள் ஒரு வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையில் 1 எம்.பி. டேட்டா நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 எம்.பி. என்றால் 8 மெகாபிட். 40 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 40 மெகாபிட் போகும் லைனில் அது வெளியேற 0.2 செகண்ட், அதாவது 200 மில்லி செகண்ட் ஆகும். ஆட்டத்தின் பொட்டலம் நூறு இருநூறு பைட்தான், ஆனாலும் அது வரிசையின் கடைசியில் நின்று அந்த 200 மில்லி செகண்டையும் காத்துத்தான் தீர வேண்டும். ரேஷன் கடையில் மாத மூட்டை முழுவதையும் வாங்க வந்தவர்களுக்குப் பின்னால், ஒரு பாக்கெட் உப்புக்கு வந்த பிள்ளை நிற்பதைப் போல. 42-ஓடு 200-ஐக் கூட்டினால், நேற்று நான் கண்ட எண் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

வேலரன்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 128 தடவை ஆட்டத்தின் நிலையைப் புதுப்பிக்கிறது, 8 மில்லி செகண்டுக்கும் குறைவான இடைவெளி. 200 மில்லி செகண்ட் தாமதத்துக்குள் அப்படி 25 புதுப்பிப்புகள் கடந்துபோய்விடும். எதிராளி சுவரைத் தாண்டி வந்து சுட்ட பிறகுதான் தம்பியின் திரையில் அவன் எட்டிப் பார்ப்பான். இது தெரியாமல் அவனைப் போய் "கவனமா ஆடுலே" என்பது அநியாயம்.

இந்த நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். மெமரி மலிவாகிப்போனதால், ஒரு பொட்டலம்கூடத் தொலையக் கூடாது என்று கருவிகளில் பெரிய பெரிய பஃபர்களை, அதாவது வரிசை காத்திருக்கும் இடங்களை, வைத்துவிட்டார்கள். அனுப்புகிற கம்ப்யூட்டருக்கோ, ஒரு பொட்டலம் தொலைந்தால்தான் லைன் நிரம்பிவிட்டது என்று தெரியும். எதுவும் தொலையாததால் அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், வரிசை நீண்டுகொண்டே போகும்.

2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். அது வரிசையின் நீளத்தை அளப்பதில்லை. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி செகண்டைத் தாண்டி 100 மில்லி செகண்ட் வரை இறங்காமல் இருந்தால், ஒன்றைக் கைவிட்டு அனுப்புகிறவருக்கு உணர்த்தும். எரிக் டூமாஸே அதோடு, ஒவ்வொரு உரையாடலுக்கும் (ஒரு ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவிலான ஒவ்வொரு இணைப்புக்கும்) தனி வரிசை என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார். இதே வேலையைச் செய்யும் 'கேக்' என்ற வழிமுறை அடுத்து வந்தது. 2018-இல், பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் 4.19 வெர்ஷனுக்குள்ளேயே அது சேர்ந்துவிட்டது. இவை எல்லாம் ரவுட்டருக்குள் வந்து சேர ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களில் முக்கியமானவர் டேவ் டாஹ்ட். இந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். அவர் முகத்தைக் கூடப் பார்த்திராத தக்கலையில், என் தம்பியின் ஆட்டமும் அம்மாவின் வீடியோ காலும் அவர் உழைப்பால் சரியாகப் போகின்றன என்றால், அவர் பெயரை இங்கே எழுதி வைப்பதுதான் முறை.

14 அக்டோபர், செவ்வாய்

லைன் பார்க்கும் அண்ணன் வந்தார். சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் ஃபர்ம்வேரை (உள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளை) நாம் மாற்ற முடியாது, அவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொன்னேன். அப்போது அந்தப் பெட்டி ஒளியைச் சிக்னலாக மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும், மற்றதெல்லாம் நம் ரவுட்டரிடம் வந்துவிடும். "எதுக்கு தங்கச்சி வேண்டாத வேலை" என்று தயங்கினாலும் செய்து கொடுத்தார், இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் எழுதித் தந்தார். அந்தத் துண்டுச் சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். அது இல்லாவிட்டால் புது ஃபர்ம்வேர் போட்ட பிறகு நெட்டே வராது.

18 அக்டோபர், சனி

ரவுட்டர் முன்பே வீட்டில் இருக்கிறது: டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 3.20 வெர்ஷன் என்று இருக்கிறது. யாராவது இதைப் படித்துச் செய்யப் போகிறார்கள் என்றால் இந்த இடத்தில் நிதானியுங்கள். சி6 என்ற ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சிப்கள் இருக்கின்றன. வெர்ஷன் 2-இல் குவால்காம் சிப்பும் 8 எம்.பி. ஃப்ளாஷும் (ஃபர்ம்வேர் தங்கும் மெமரி), 3.20-இல் மீடியாடெக் சிப்பும் 16 எம்.பி. ஃப்ளாஷும். ஒன்றின் ஃபைலை மற்றொன்றில் போடக் கூடாது.

முதல் வேலையாக, கம்பெனியே தந்திருக்கும் புதிய ஃபர்ம்வேரைப் போட்டேன். எல்லோரும் இதையாவது செய்யலாம், பத்து நிமிட வேலை. பிங்குக்காக மட்டும் சொல்லவில்லை. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் உலகம் முழுக்க ஐந்து லட்சம் ரவுட்டர்களில் ஏறியது. 2023-இல் ஒரு ரவுட்டர் மாடலின் ஓட்டை வழியாக மிராய் என்ற வைரஸ் கூட்டம் உள்ளே புகுந்தது, அதற்கான திருத்தம் புதிய ஃபர்ம்வேரில் வந்திருந்தது. அப்படி வேறொருவன் கைக்குப் போன ரவுட்டர் நம் லைனில் அவனுக்காக டேட்டா அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது என்ன செய்தாலும் பிங் இறங்காது.

அப்டேட்டுக்குப் பிறகு அளந்தேன். சும்மா இருக்கும்போது 41, பேக்கப் ஓடும்போது 240. வரிசை அப்படியேதான் இருக்கிறது. அதில் 'கேம் முன்னுரிமை' என்று ஒரு பட்டன் இருந்தது, அதைப் போட்டும் பெரிய மாற்றமில்லை. யாரை முன்னால் விடுவது என்று சொல்வது மட்டும் போதாது. வரிசை எந்த இடத்தில் உருவாகிறதோ அந்த இடம் நம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே ஓப்பன்டபிள்யூஆர்டி, கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போடும் இலவச ஃபர்ம்வேர். 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடியது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின்படி அதன் மூலநிரலைத் தர வேண்டியிருந்தது, 2003-இல் தந்தார்கள். அதிலிருந்து 2004-இல் பிறந்தது இது. பெயரின் கடைசி மூன்றெழுத்து அந்த ரவுட்டருடையதுதான்.

19 அக்டோபர், ஞாயிறு

போட்டாச்சு.

இந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ரப்பர் மரக்கிளை ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போய்விடும். ஃபர்ம்வேர் எழுதும் நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும். அதனால் ரவுட்டரையும் லேப்டாப்பையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். முதல் தடவைக்கு 'ஃபேக்டரி' என்று பெயருள்ள ஃபைல், அடுத்தடுத்த அப்டேட்டுகளுக்கு 'சிஸ்அப்கிரேட்'. இறக்கிய ஃபைலின் ஷா256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி), இறக்கிய பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைல் வேண்டாம். நான் எடுத்தது 24.10 வெர்ஷன்.

சில நிமிடங்களில் 192.168.1.1-இல் புதுப் பக்கம் திறந்தது. பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் திறக்கும், உடனே ஒன்று வைத்துவிட வேண்டும். வைஃபை அணைந்த நிலையில்தான் வரும், அதனால் லேன் கேபிள் கட்டாயம். அம்மா எட்டிப் பார்த்து, "நெட்டு போயிட்டா மக்ளே?" என்றாள். அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். பிபிபிஓஇ விவரத்தைக் கொடுத்ததும் இணைப்பு வந்துவிட்டது. வைஃபையில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்தேன், பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தேன். போன்கள் எதையும் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

பிறகு முக்கியமான வேலை. வரிசையைக் கவனிக்கும் லூசி-ஆப்-எஸ்க்யூஎம் என்ற மென்பொருளை நிறுவினேன். இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-வேன். வரிசை முறை கேக். ஸ்கிரிப்ட் பீஸ் ஆஃப் கேக். ஓவர்ஹெட், அதாவது ஒவ்வொரு பொட்டலத்தோடும் கூடுதலாகச் சேரும் சுமை, 44 பைட். வேகத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாயங்கால நெரிசலில் எங்கள் லைன் உண்மையில் தருவது 38 அல்லது 39. நான் இரண்டு பக்கமும் 35 என்று கொடுத்தேன். லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால், வரிசை கம்பெனிப் பெட்டியிலும் வெளியே எங்கோ இருக்கும் கருவியிலும் உருவாகாமல் நம் ரவுட்டரில் உருவாகும். இங்கே அதைக் கட்டிக் காக்க கேக் இருக்கிறது. கையிலிருக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மீதியை ஒழுங்காக்குகிறோம். இது நல்ல வியாபாரம் என்பதே என் முடிவு. ஃப்ளோ ஆஃப்லோடு என்ற அமைப்பு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொட்டலங்கள் கேக்கைத் தொடாமலே போய்விடும்.

அளந்தேன். சும்மா இருக்கும்போது 41. பேக்கப்பும் ஒரு பெரிய டவுன்லோடும் சேர்ந்து ஓடும்போது 46, எப்போதாவது 50. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாமா வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான்கு போன்களில் பிஜிஎம்ஐ, டி.வி.யில் படம், இதற்கிடையில் ஒரு மடிக்கணினியில் 60 ஜிபி கேம் டவுன்லோடு. கேக்கில் கருவிக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் அமைப்பு உண்டு, காலையில்தான் அதைப் போட்டிருந்தேன். இது இல்லாமல் உரையாடலுக்கு ஒரு பங்கு என்று மட்டும் இருந்தால், பல இணைப்புகளைத் திறந்து இறக்கும் டவுன்லோடு பல பங்கை எடுத்துக்கொள்ளும். இப்போது அதற்கும் ஒரே பங்கு. டவுன்லோடு மெதுவாக, ஆனால் நிற்காமல் போனது. பிள்ளைகள் யாரும் சண்டை போடவில்லை. சின்னவள் மட்டும் "மக்கா, நெட்டு சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

25 அக்டோபர், சனி

போனில் ஆடுகிறவர்களுக்கு வைஃபை பாதிக் கதை. மாடியில் என் அறையில் கேபிளில் 41 வருகிற நேரத்தில் போனில் 45-க்கும் 120-க்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. எங்கள் தெருவில் ஸ்கேன் செய்து பார்த்தால் எல்லா வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றிலேயே நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. போனை 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் 36-க்கு மாற்றினேன். குதிப்பு நின்றது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் தளத்தைத் தாண்டச் சிரமப்படும். இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தால், என்ன ஃபர்ம்வேர் போட்டாலும் அது உதவாது. சுவர் ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுப்பதுதான் வழி, அதற்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

தம்பி இன்னொன்று கேட்டான்: சிங்கப்பூர் சர்வரில் நண்பர்களோடு ஆடும்போது பிங் ஏன் இறங்கவில்லை? ஃபைபருக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தக்கலையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர், போய்த் திரும்பக் குறைந்தது 13 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் எத்தனையோ கருவிகள், அதனால் 41. சிங்கப்பூருக்குச் சென்னை வழியாகக் கடலுக்கடியில் போனால் மொத்தம் 3,600 கிலோமீட்டருக்கு மேல், ஒளிக்கே 36 மில்லி செகண்ட் வேண்டும். அந்தத் தூரத்தை ரவுட்டர் குறைக்காது. அதற்கு மேல் நம் வீட்டில் சேரும் தாமதத்தை மட்டுமே அது நீக்கும். இதை அவனிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒப்புக்கொண்டான்.

2 நவம்பர், ஞாயிறு

அம்மா சொன்னது: "இப்போ அப்பா பேசும்போது முகம் நின்னு நின்னு போவதில்லை." இதை நான் எதிர்பார்த்திருந்தாலும், அவள் வாயால் கேட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். வீடியோ காலும் ஆட்டமும் கேட்பது ஒன்றைத்தான்: வந்தவுடன் போக வேண்டும்.

அக்கம்பக்கத்தில் செய்தி பரவி, மேல்வீட்டுப் பையன் தன் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு 'கேமிங் ரவுட்டர்' வாங்கப் போகிறேன், அதற்கு முன்னால் இதைப் பாருங்கள் என்றான். அடியில் பார்த்தோம், விவரத்தைத் தேடினோம்: 4 எம்.பி. ஃப்ளாஷ், 32 எம்.பி. ரேம். அந்த அளவுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் இன்றைய வெர்ஷன்கள் அடங்காது, 19.07-ஓடு முடிந்துவிட்டது. பழைய வெர்ஷனைப் போட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ரவுட்டரை ஒரு வீட்டின் வாசலில் நிறுத்தக் கூடாது. பன்னிரண்டாயிரமும் வேண்டாம் என்றேன். 16 எம்.பி. ஃப்ளாஷ், 128 எம்.பி. ரேம், ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் அதன் வெர்ஷன் எண் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். பழையதாகக் கிடைத்தாலும் எடு, ஆனால் பணம் கொடுக்கும் முன் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு என்றும் சொல்லியிருக்கிறேன். நாளை நாகர்கோவில் போகிறானாம்.