கேன்டீன் ஆட்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு: அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

எங்கள் கல்லூரி கேன்டீனில் சமைப்பவர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் ஒருவழியாக ஊட்டச்சத்து வகுப்பு நடத்தி முடித்துவிட்டோம். சென்னையில் வேறு கல்லூரிகளில் இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல்வர் உடனே சரி என்றார். அப்புறம் கோப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே மேடம், கான்ட்ராக்டர் ஆளுங்க. நாங்க எப்படி சர்க்குலர் போடுறது?" என்றார் எழுத்தர். கான்ட்ராக்டரோ, "காலேஜ் லெட்டர் இல்லாம ஆளை விட மாட்டேன்" என்றார். இந்த இழுபறியிலேயே ஒரு செமஸ்டர் போய்விட்டது. இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கேன்டீன் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்களுடையது கான்ட்ராக்டர் பெயரில். அந்த நகலை இணைத்து, முதல்வரே கான்ட்ராக்டருக்கு எழுதுவதுபோல் கடிதம் தயாரித்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

கான்ட்ராக்டர் அடுத்துச் சொன்னது: "எங்க சூப்பர்வைசர் ஏற்கெனவே டிரெயினிங் சர்டிஃபிகேட் வாங்கிட்டாரு." உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதற்காக வாங்கும் சான்றிதழ் அது. கை கழுவுவது, தொப்பி போடுவது, பச்சையையும் சமைத்ததையும் தனித்தனியே வைப்பது என்று சுத்தம்தான் அதில் பிரதானம். சாம்பாரில் எவ்வளவு உப்பு என்று அது சொல்லித் தராது. உண்மையில் அவருக்குப் பயம், நாங்கள் குறை கண்டுபிடித்துப் புகார் கொடுத்துவிடுவோமோ என்று. படம் எடுக்க மாட்டோம், புகார் எழுத மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். சம்மதித்தார்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு முடிந்து, மாலை பஜ்ஜிக்கு வாணலி ஏறுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் அவர்களுடையது. செமினார் ஹாலுக்கு வரச் சொல்லாதீர்கள். நாங்கள் அடுப்படியிலேயே நின்று பேசினோம். ஒடிசா, பீகார் பையன்களுக்கு சப்ளையர் ஒருவரே இந்தியில் எடுத்துச் சொன்னார்.

சார்ட்டை யாரும் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார்கள். 150 பேருக்கான சாம்பார் அண்டா. மாஸ்டர் வழக்கம்போல் கையால் அள்ளிய உப்பை, போடுவதற்கு முன் தட்டில் வாங்கி நிறுத்தோம்: 240 கிராம். தலைக்கு 1.6 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் ரசம், பொரியல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் இருக்கிறது. மாஸ்டர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துவிட்டு, "ஊறுகாயை எல்லாருக்கும் வைக்காம, கேட்டா மட்டும் வைக்கச் சொல்றேன்" என்றார். சாம்பாரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றும் அவரே சொன்னார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதி.

காய் நறுக்கும் அக்காக்கள், வெட்டிய பிறகுதான் கழுவிக்கொண்டிருந்தார்கள். வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும் என்றதும் அன்றே மாற்றிக்கொண்டார்கள். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக சோடா உப்புப் போடுவதை நிறுத்தத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. அதில் வைட்டமின் பி1 அழிந்துவிடும். முந்தின இரவே ஊறப்போட இன்னொரு அண்டா வேண்டும் என்றார்கள், நியாயம்தான். அண்டாவைத் துறை நிதியில் வாங்கிக் கொடுத்தோம்.

தோற்றது எண்ணெயில். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவப் பொருட்கள் (polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது விதி. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. கறுத்து, நுரை தள்ளினால் மாற்றுங்கள் என்றால், மாஸ்டர் கான்ட்ராக்டரைக் கை காட்டுகிறார். டின் வாங்கிப் போடுபவர் அவர்தானே. வகுப்புக்குக் கட்டாயம் கான்ட்ராக்டரையும் உட்கார வையுங்கள். எங்கள் வகுப்புக்கு அவர் வரவில்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்கான டெண்டர் படிவத்தில் எண்ணெய் மாற்றுவதையும் வருடாந்தர வகுப்பையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அலுவலக முத்திரை போட்ட நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.